வரிசையில் நின்றது ஒரு கோடு, ஓடியது வேறு கோடு

எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் கிளஸ்டரில் (பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் மெஷின்) ஜாப் (ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் வேலை) போட்டுவிட்டு, அது வரிசையில் நிற்கும்போதே அதே ஃபோல்டரில் உட்கார்ந்து கோடை, அதாவது நிரலை, மாற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் இதைச் செய்தவள், அதனால் நடக்காத ஒன்றை நடந்ததாக அறிக்கையில் எழுதும் வரை போனவள். அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பிலும் இது வருவதில்லை, கிளஸ்டர் சொல்லிக்கொடுக்கும் வகுப்பிலும் வருவதில்லை. இரண்டும் சேருகிற இடத்தில்தான் இந்தப் பள்ளம் இருக்கிறது.

முதலில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு ஆய்வு மையத்தில் நீரியல் பிரிவில் வேலை. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு அளவில் திருமணிமுத்தாற்றில் வந்து சேர்கிறது என்று கணக்குப் போடும் ஒரு மாடல், அதுதான் நான்கு வருடமாக என் பொழுது. திருமணிமுத்தாறு என்றால் ஊர்க்காரர்களுக்கே சாக்கடைதான் ஞாபகம் வரும். ஆனால் மலையில் பிறந்து, சேலத்துக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற நிஜமான ஆறு அது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்த அந்த 2024 டிசம்பர் முதல் வாரத்தில், மலைக்கு வடக்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதற்குப் பிறகு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை.

மாடலுக்குப் பழைய மழைக்கணக்கு வேண்டும். இப்போது தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன, ஆனால் நாற்பது வருடம் பின்னால் போக வேண்டுமென்றால் ஏற்காட்டில் எங்களுக்குக் கிடைத்த வழி எஸ்டேட் நோட்டுகள்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி, அதைச் சுற்றி வளர்ந்த எஸ்டேட்டுகள், அந்த எஸ்டேட்டுகளில் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து பார்த்து நோட்டில் எழுதும் பழக்கம். காப்பிக்குப் பூ எடுக்க எத்தனை மழை விழுந்தது, எந்தத் தேதியில் விழுந்தது என்பது அவர்களுக்கு உயிர்நாடி, அதனால் எழுதுவதில் சோம்பல் கிடையாது. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இந்த நோட்டை வைத்திருக்கும் ரைட்டர் ஐயா (எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவரை ரைட்டர் என்றுதான் சொல்வார்கள்) எனக்கு முதல் நாளே ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு எண் தவறாக விழுந்திருக்கிறது. அதை அழிக்கவில்லை, சுரண்டவில்லை, மேலே சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் பழைய எண்ணைத் தெளிவாகப் படிக்கலாம். பக்கத்தில் சரியான எண், திருத்திய தேதி, சுருக்கெழுத்து. "அழிச்சா எதை மாத்தினோம்னு தெரியாம போயிரும் பாப்பா" என்றார். கம்ப்யூட்டரையே தொடாத மனிதர். கிட் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் அந்தப் பக்கத்தை எடுத்த போட்டோவைத்தான் காட்டுகிறேன்.

அந்த நோட்டுகளில் மழை மில்லிமீட்டரில் இருக்காது. இஞ்ச், சென்ட். நூறு சென்ட் ஒரு இஞ்ச். 2-35 என்று எழுதியிருந்தால் இரண்டு இஞ்ச் முப்பத்தைந்து சென்ட், அதாவது 2.35 இஞ்ச், 25.4-ஆல் பெருக்கினால் 59.69 மில்லிமீட்டர். இதுவரை சிக்கல் இல்லை. ஐந்து சென்ட் தூறலை எப்படி எழுதுவது? ஒரு எஸ்டேட் ரைட்டர் 0-05 என்று எழுதுகிறார். இன்னொரு எஸ்டேட்டில் 0-5 என்று எழுதுகிறார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், படிக்கிறவர் எஸ்டேட்காரராக இருக்கும் வரைக்கும். நான் எழுதிய பைத்தான் நிரல், எண்களுக்கு நடுவில் இருக்கும் சிறு கோட்டை (-) எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தது. 0-5 என்பது 0.5 ஆகிவிட்டது. 1.27 மில்லிமீட்டர் தூறல் 12.7 மில்லிமீட்டர் மழையாக உள்ளே போனது. பத்து மடங்கு. ஏற்காட்டில் தூறல் நாட்களுக்குக் குறைவா என்ன, வருடம் முழுக்கக் கூட்டினால் ஆறே மாறிவிடும்.

இந்தத் தவறு ஒன்று. இது சாதாரணத் தவறு, கண்டுபிடித்தவுடன் திருத்திவிடலாம், திருத்தவும் செய்தேன். நான் சொல்ல வந்தது அதைத் திருத்திய விதத்தில் நடந்த இரண்டாவது தவறு.

அதற்குக் கிளஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது சின்னது, எட்டு நோடு, அதாவது எட்டு கம்ப்யூட்டர். அதை நீரியல் ஆட்கள், பொருளறிவியல் ஆட்கள், செயற்கைக்கோள் படம் பார்க்கும் ஆட்கள் என்று நான்கு பிரிவும் பகிர்ந்துகொள்கிறோம். அடுத்தபடி பெரிதாக வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறந்த பரம் பொருள், 838 டெராஃப்ளாப் வேகம் (ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு), தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்தது. சின்னதோ பெரியதோ, உள்ளே வேலையைப் பங்கு பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்லர்ம் என்ற ஒரே மென்பொருள்தான். அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, இன்று உலகத்தின் பெரிய மெஷின்களில் பாதிக்கும் மேல் அதுவே ஓடுகிறது என்று சொல்வார்கள்.

ஸ்லர்ம் எனக்குப் புரிந்தது எங்கள் பங்குக் கிணற்றால். வாழப்பாடி பக்கம் எங்கள் தாத்தா காலத்துக் கிணறு, நாலு பங்காளிகளுக்கும் நாலு பங்கு. முறை வைத்துத்தான் மோட்டார் போடுவார்கள். இன்றைக்கு அப்பா முறை என்றால் பெரியப்பா மோட்டாரைத் தொட மாட்டார். ஒருவர் தொடர்ந்து கூடுதலாக இறைத்துவிட்டால் அடுத்த சுற்றில் அவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்லர்மில் இதற்கு ஃபேர்ஷேர் என்று பெயர்: சமீபத்தில் அதிகம் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை இறங்கும், தொடாமல் இருந்தவருக்கு ஏறும். அப்புறம் இன்னொன்று. அப்பா தண்ணீர் கட்டி முடித்து, பெரியப்பா வயலில் ஆள் வந்து சேருவதற்குள் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் சித்தப்பா, "ஒரு மணி நேரம்தான் அண்ணா, கத்தரிப் பாத்திக்கு மட்டும்" என்று கேட்டு இறைத்துக்கொள்வார். சரியாக ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுவார், அதனால்தான் எப்போது கேட்டாலும் கிடைக்கிறது. ஸ்லர்மில் இது பேக்ஃபில். பெரிய ஜாப் ஒன்று எல்லா நோடும் காலியாகட்டும் என்று காத்திருக்கும்போது, நடுவில் கிடைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் சின்ன ஜாப்பை அது உள்ளே விட்டுவிடும்.

ஆறு மணி நேர வேலைக்கு எழுபத்திரண்டு மணி நேரம் கேட்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்பவருடைய ஜாப் எந்த இடைவெளியிலும் பொருந்தாது, வரிசையிலேயே கிடக்கும். நினைவகமும் அப்படியே. 9 ஜிபி தேவைப்படும் ஜாப்புக்கு 180 ஜிபி கேட்டால், அந்த நோடில் மற்ற சிபியு எல்லாம் சும்மா இருந்தாலும் பக்கத்துப் பிரிவு ஆளால் அங்கே உட்கார முடியாது. முடிந்துபோன ஜாப்பின் எண்ணைக் கொடுத்து ஸ்லர்மின் சேக்ட் (sacct) கட்டளையைக் கேட்டால் எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் நிஜமாகத் தேவைப்பட்டது என்று சொல்லும். அதைப் பார்த்து அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிக் கேட்டால் போதும்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன்.

1981 முதல் 2020 வரை நாற்பது வருடம். வருடத்துக்கு ஒன்றாக நாற்பது ஜாப், அரே ஜாப்பாக (ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக) போட்டேன், ஒரு நேரத்தில் எட்டு மட்டும் ஓடட்டும் என்ற வரம்போடு, ஏனென்றால் மற்றவர்களுக்கும் இடம் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம். வியாழன் மாலை எஸ்பேட்ச் (sbatch, ஜாப்பை வரிசையில் சேர்க்கும் கட்டளை) கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். கிளஸ்டரில் கூட்டம், இரவு ஒன்பது மணிக்குத்தான் முதல் எட்டு உள்ளே போயின. அதிகாலை மூன்றுக்கு அடுத்த எட்டு. வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே வந்து, நோட்டுப் போட்டோக்களை ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று எடுத்தபோதுதான் அந்த 0-5 கண்ணில் பட்டது. உடனே கோடைத் திறந்தேன், நாலு வரி மாற்றினேன், சேவ் செய்தேன். மணி எட்டு நாற்பது. ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்புகள் பழைய கோடுடன் முடியட்டும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கே ஒரு கூட்டம், அப்புறம் ஊரில் ஒரு விசேஷம், மறுபடி போடுவது தள்ளிப்போனது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் நாற்பதும் முடிந்து முடிவுகள் தயாராக இருந்தன. நடுவில் என்ன நடந்தது என்பதே மனதில் இல்லை. திருத்திய கோடுடைய முடிவு என்று எடுத்துக்கொண்டு வரைபடம் போட்டேன்.

வரைபடத்தில் 1997-இல் ஒரு படி. அதுவரை ஒரு மட்டத்தில் ஓடிய ஆறு, அந்த வருடத்திலிருந்து இறங்கி வேறு மட்டத்தில் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்கூடத் தெரியும் அளவுக்குப் படி.

மேடம் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அப்போது வந்த உற்சாகத்தை இன்றைக்கு நினைத்தால் பயமாக இருக்கிறது. மலையில் காட்டு நிலம் மாறியதா, எஸ்டேட்டுகளில் நிழல் மரம் வெட்டியதா, பாக்சைட் தோண்டிய இடங்களால் நீரோட்டம் மாறியதா, பருவமழையே மாறிவிட்டதா என்று பத்து நாள் காரணம் தேடினோம். நிஜமாகவே தேடினோம். பழைய நில வரைபடங்களை எடுத்தோம். ஒவ்வொரு காரணத்துக்கும் பாதி ஆதாரம் கிடைத்தது, ஏனென்றால் நாற்பது வருடத்தில் ஒரு மலையில் எதுதான் மாறாமல் இருக்கும். அறிக்கையின் வரைவில் ஒரு பத்தியே எழுதிவிட்டேன்.

உடைத்தது எங்கள் ஜூனியர் பெண். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். "அக்கா, நாகலூர் நோட்டுல மட்டும் படியே இல்ல. மழை குறைஞ்சிருந்தா அங்கயும் குறைஞ்சிருக்கணுமே?" என்று கேட்டாள். நாகலூர் நோட்டு என்பது சிவப்புக் கோடு ரைட்டர் ஐயாவின் நோட்டு. அவர் எப்போதும் 0-05 என்றுதான் எழுதுவார், பூஜ்யத்தை விடவே மாட்டார். படி இருந்ததெல்லாம் 0-5 என்று எழுதிய நோட்டுகளில்.

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அப்படியென்றால் 1996 வரை பழைய கோடு, 1997-இலிருந்து புதிய கோடு. ஆனால் எப்படி? சிஸ்டம் பார்க்கும் அண்ணனிடம் ஓடினேன். அவர் எதுவும் பேசாமல் சேக்டில் நாற்பது ஜாப்பும் ஆரம்பித்த நேரத்தை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். பதினாறாவது ஜாப் அதிகாலை மூன்று மணிக்கு ஆரம்பித்திருக்கிறது, பதினேழாவது காலை ஒன்பதுக்கு. முதல் ஜாப் 1981 என்றால் பதினேழாவது 1997. "எட்டு நாப்பதுக்கு சேவ் பண்ணியிருக்கீங்களே அம்மா, ஒம்போதுக்கு ஆரம்பிச்சது அதைத்தான படிக்கும்?" என்றார்.

விஷயம் இதுதான். எஸ்பேட்ச் கொடுக்கும் நொடியில் ஸ்லர்ம் நகலெடுத்து வைத்துக்கொள்வது பேட்ச் ஸ்கிரிப்டை, அதாவது எதை ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் சின்ன ஃபைலை மட்டும். அதை அப்புறம் நீங்கள் மாற்றினாலும் வரிசையில் இருக்கும் ஜாப்புக்குத் தெரியாது. இதைப் பார்த்துத்தான் மொத்தமும் பத்திரமாக உள்ளே போய்விட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம், நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அந்த ஸ்கிரிப்டுக்குள் பைத்தானை அழைத்து உங்கள் ஃபைலை ஓட்டச் சொல்லும் ஒரு வரி இருக்கிறதே, அந்த ஃபைலை ஸ்லர்ம் தொடுவதே இல்லை. ஜாப்புக்கு முறை வந்து, நோடு கிடைத்து, ஓட ஆரம்பிக்கும்போதுதான் பைத்தான் உங்கள் ஃபோல்டருக்குப் போய் அப்போது அங்கே என்ன இருக்கிறதோ அதைப் படிக்கும். அரே ஜாப்பில் இது நாற்பது தனித்தனி நேரங்களில் நடக்கும். உங்கள் லேப்டாப்பில் இந்தப் பிரச்சினையே வராது, என்டர் தட்டியவுடன் ஓடிவிடும், தட்டிய நேரமும் படிக்கும் நேரமும் ஒன்று. பகிர்ந்துகொள்ளும் மெஷினில் அந்த இரண்டுக்கும் நடுவில் வரிசை வந்து நிற்கிறது. அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம்.

கோடு மாற்றுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். கிட்டில் வேறு பிராஞ்சுக்கு (அதே கோடின் இன்னொரு கிளைக்கு) மாறினாலும் இதே கதைதான், அந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும், வரிசையில் நிற்கும் ஜாப் பாவம் புதிய பிராஞ்சைப் படிக்கும். பைத்தான் பேக்கேஜ்களை வைத்திருக்கும் கோண்டா சூழலில் ஒன்றை அப்டேட் செய்தாலும் இதேதான். உள்ளீட்டு டேட்டா ஃபைலை மேலெழுதினாலும் இதேதான். கிட் பயன்படுத்துகிறேன், அதனால் எனக்குப் பயமில்லை என்று நினைப்பவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் அவர்கள்தான் பிராஞ்ச் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

அப்போது என் கிட்டும் சுத்தமாக இல்லை. வெள்ளிக்கிழமை மாற்றத்தைத் திங்கட்கிழமை மதியம்தான் கமிட் செய்திருந்தேன் (கிட்டில் பதிந்திருந்தேன்), அதோடு எழுதும் செய்தியில் "திருத்தம்" என்று ஒரு வார்த்தை. எந்த முடிவு எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. சேக்டில் நேரம் கிடைக்காமல் போயிருந்தால் அந்தப் படியை இன்றைக்கும் இயற்கையின் மேல் போட்டிருப்போம்.

இப்போது நாங்கள் செய்வது இது. எஸ்பேட்ச்சை யாரும் நேராகக் கொடுப்பதில்லை. "ஓட்டு" என்று ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறோம், இருபது வரிகூட வராது. அது முதலில் கிட் ஸ்டேட்டஸைப் போர்சலின் வடிவத்தில் (ஸ்கிரிப்ட் படிக்க வசதியான சுருக்க வடிவம்) கேட்கும், ஏதாவது ஒரு வரி வந்தாலும், அதாவது கமிட் செய்யாத மாற்றம் எதுவாவது இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிடும். சுத்தமாக இருந்தால், இப்போதைய கமிட்டின் எண்ணை ரெவ்-பார்ஸ் என்ற கிட் கட்டளை மூலம் எடுத்து, அதன் முதல் ஏழு எழுத்தைப் பெயராக வைத்து ஒரு புதிய ஃபோல்டரை கிட் வொர்க்ட்ரீ கொண்டு உருவாக்கும். வொர்க்ட்ரீ என்பது அதே ரெப்போவின் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கு) இன்னொரு கிளையையோ கமிட்டையோ வேறொரு ஃபோல்டரில் விரித்து வைப்பது, முழுசாக இன்னொரு குளோன், அதாவது நகல், எடுக்கத் தேவையில்லை, இடமும் மிச்சம். ஜாப் ஓடுவது அந்த ஃபோல்டரில்தான். எழுதும் உரிமையையும் எடுத்துவிடுகிறோம். நீங்கள் உங்கள் ஃபோல்டரில் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டிருங்கள், பிராஞ்ச் மாறுங்கள், வரிசையில் நிற்பதற்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக ஒவ்வொரு ஜாப்பும் தன் லாக் ஃபைலின் (ஓடும்போது எழுதும் குறிப்பு) முதல் வரியில் கமிட் எண்ணையும், ஏற்றிய மாட்யூல்களின் (கிளஸ்டரில் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள்கள்) பெயரையும், டேட்டா ஃபைலின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எழுதிவிடும். வரைபடம் போடும் கோடு அந்த முதல் வரிகளைப் படித்துப் பார்த்து, நாற்பதிலும் ஒரே எண் இல்லையென்றால் வரையவே வரையாது.

ஏழு எழுத்தை நம்பலாமா என்று ஜூனியர் கேட்டாள். முழு எண் நாற்பது எழுத்து, ஃபைல்களின் உள்ளடக்கம், யார் எழுதியது, எப்போது, முந்தைய கமிட் எது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. எங்கோ ஒரு ஃபைலில் ஒரு கால்புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். எங்களைப் போன்ற சின்ன ரெப்போவில் முதல் ஏழு எழுத்தே ஒன்றுக்கொன்று மோதுவது அபூர்வம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக இதை எழுத ஆரம்பித்தபோது, அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்த முடியாமல் போன அவசரம்தான் காரணம். ஆனால் உலகம் முழுக்கச் சிதறியிருக்கும் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் கண்மூடி நம்பிக்கை வைக்காமல், ஒரே எண்ணை வைத்து நாம் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தான் என்று உறுதிசெய்துகொள்ள முடிகிறதே, அது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

நோட்டுப் போட்டோக்களை கிட்டுக்குள் வைக்காதீர்கள். இதையும் அனுபவித்துவிட்டோம். ஒருவர் தெரியாமல் ஒரு பெரிய ஃபோல்டரையே கமிட் செய்துவிட்டார், அடுத்த கமிட்டில் அழித்தும் விட்டார், ஆனால் வரலாற்றில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது, குளோன் எடுப்பவர் ஒவ்வொருவரும் அந்தச் சுமையையும் சேர்த்து இறக்க வேண்டியதாயிற்று. கிட்ஹப் 100 எம்பிக்கு மேல் உள்ள ஒரு ஃபைலை ஏற்றுக்கொள்ளாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டேட்டா தனி இடத்தில் இருக்கட்டும், அதன் செக்சம் மட்டும் கிட்டில் இருந்தால் போதும், யாராவது டேட்டாவை மாற்றினால் எண் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

லாகின் நோடில் மாடலை ஓட்டாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனாலும் சொல்கிறேன். அது எல்லோரும் வந்து இறங்குகிற திண்ணை. அங்கே ஒருவர் நெல்லைக் காயப்போட்டால் மற்றவர்கள் கால் வைக்க முடியாது. ஃபைல் திருத்த, கிட் செய்ய, ஜாப் போட மட்டும்தான் அது. சின்னச் சோதனைக்குக்கூட எஸ்ரன் (srun) கட்டளையைக் கொண்டு ஒரு நோடைக் கால் மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் தற்காலிக ஃபைல்களுக்கான ஸ்க்ராட்ச் ஃபோல்டரை வீடு என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் முப்பது நாள் தொடாத ஃபைலை அது தானே அழித்துவிடும், ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு கணக்கு, சேர்ந்த அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலைக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் சிக்னல் பல தடவை போகும், வரும். எஸ்எஸ்ஹெச் (லேப்டாப்பிலிருந்து கிளஸ்டருக்குப் போகும் இணைப்பு) அறுந்தால் ஜாப்பும் செத்துவிடுமோ என்று முதலில் பதறுவேன். எஸ்பேட்ச்சில் போட்டது ஓடிக்கொண்டேதான் இருக்கும், உங்கள் லேப்டாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையால் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு மட்டும் கிளஸ்டரில் டீமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் திரையை உயிரோடு வைத்திருக்கும் மென்பொருள்) திறந்து அதற்குள் உட்காருங்கள், மேலே போய் மறுபடி இணைந்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும்.

"ஓட்டு" வந்த பிறகு நாற்பது வருடத்தையும் மறுபடி போட்டோம். இந்தத் தடவை வரிசையில் ஒன்றரை நாள் நின்றது, நான் அந்த நேரத்தில் என் ஃபோல்டரில் மூன்று பிராஞ்ச் மாறிவிட்டேன். முடிந்ததும் நாற்பது லாக் ஃபைலின் முதல் வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக டெர்மினலில் கொட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழே வரை ஒரே ஏழு எழுத்து. 1997-இல் படி இல்லை. இருந்த பத்தியை வரைவிலிருந்து எடுத்தேன், எடுத்த கமிட்டின் செய்தியில் ஏன் எடுத்தேன், எந்த ஜாப் எந்த நேரத்தில் எதைப் படித்தது என்று ஆறு வரி எழுதினேன், மேடம் அதைப் படித்துவிட்டு, பழைய வரைபடத்தை அழிக்க வேண்டாம், ரெப்போவிலேயே இருக்கட்டும் என்றார்.

போன சனிக்கிழமை நாகலூர் போனபோது ரைட்டர் ஐயாவிடம் இதை முடிந்தவரை சொன்னேன். கம்ப்யூட்டர் பாகம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அந்தப் பூஜ்யத்தை நீங்கள் விடாமல் எழுதியதால்தான் கண்டுபிடித்தோம் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே போய் இன்னும் நான்கு நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். 1974-இலிருந்து. பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் எண்கள் தெரிகின்றன. வரும் சனிக்கிழமை போட்டோ எடுக்கப் போகிறோம், இந்த முறை ஜூனியரும் வருகிறாள்.